காதைக் கிழிக்கும் சத்தம்

"டேய் ஜெகதீசு! நான் இந்த வீட்டுல குடியிருக்கறதா, ஊரை விட்டு ஓடறதா? காது கிழியுதுடா!"

பக்கத்து வீட்டு அமுதவல்லி வாசலில் நின்று கத்தினாள்.

ஜெகதீஸ்வரன் திரும்பக்கூட இல்லை. டிவியில் சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் ஓடிவந்தன. சிவப்பு வந்தால் முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும். நீலம் வந்தால் ஓரத்தில். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேம்.

டம்... டம்... டகடக டம்!

"கொறச்சிக்கிறேன் அத்தை."

"இதையேதான் நேத்தும் சொன்ன!"

அவள் லேசில் போகவில்லை. இறால் விலை, முதுகுவலி, போனை எடுக்காத மகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனாள்.

அவன் மனைவி ஹேமாவதிக்குக் கோபம் வந்தது.

"உனக்கு மனசாட்சியே இல்லியாய்யா? முகத்துவாரத்துல படகு கவுந்து அவங்க புருசன் செத்து வருசம்கூட ஆவல. கருமாதி முடிஞ்சதும் மவளும் பொன்னேரிக்குப் போய்ட்டா. ஒண்டியா கெடக்கற பொம்பள காதுல போயி மேளம் அடிக்கற!"

"கேம்தானே..."

"சவுண்டையாவது கம்மி பண்ணேன். தெனம் வந்து கத்திட்டுப் போறாங்க, அசிங்கமா கீது."

"வந்தா வரட்டும்."

கட்டிய கணவன் இவ்வளவு கல்நெஞ்சக்காரனா என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் விடிகாலையில் அடித்த காற்றில் மின்கம்பம் சாய்ந்து, குப்பம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. யாரும் கடலுக்குப் போகவில்லை. சாயங்காலம் காற்று அடங்கியும் கரண்ட் வரவில்லை. டிவி ஓடவில்லை, ஃபேன் சுற்றவில்லை. தெருவே அமைதியாகக் கிடந்தது.

ஜெகதீஸ்வரன் வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தான்.

இன்றைக்காவது அந்த அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தபடி ஹேமாவதி வெளியே வந்தாள்.

எதிரே அமுதவல்லி வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"டேய் ஜெகதீசு! சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. இன்னிக்கும் டம்மு டம்முனு... இன்னாடா சத்தம் இது!"

ஹேமாவதி திகைத்தாள்.

"இன்னா அத்தை சொல்ற? காலையிலேந்து கரண்டே இல்..."

அமுதவல்லியின் பேச்சு சட்டென்று நின்றது. கதவு வழியே இருட்டில் கிடந்த டிவியைப் பார்த்தாள். முகம் வாடிப்போக, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடக்கப் பார்த்தாள்.

ஜெகதீஸ்வரன் வலையை ஒதுக்கி, பக்கத்தில் இடம் விட்டான்.

"தப்புதான் அத்தை, ரொம்ப சத்தமா அடிச்சிட்டேன். இப்புடி வந்து உக்காந்து திட்டு."