நாற்காலி ஒட்டவில்லை

'முடிந்ததைக் கொடுங்கள், எல்லோரும் வாருங்கள்' என்று வாசலில் எழுதிவைத்து நாடகம் போடும் சின்னக் குழு அது. அன்று, சக்கர நாற்காலியில் வாழும் நாயகி வேடத்துக்கு ஆள் தேர்வு.

ஆறாவதாக வந்த பெண் சக்கர நாற்காலியிலேயே உள்ளே வந்ததும் இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அட, வேஷத்தோடவே வந்துட்டீங்களா! பேஷ்!"

அவள் சிரித்தாள். வசனத்தைப் பிசிறில்லாமல் பேசி முடித்தாள்.

இயக்குநர் மோவாயைத் தடவினார். "வசனம் பிரமாதம்மா. நாற்காலிதான் ஒட்டலை. நிஜத்துல இப்படி இருக்கிறவங்க முகத்துல ஒரு சோகம் இருக்கும். நீங்க என்னடான்னா சைக்கிள் விடுற மாதிரி குஷியா சுத்தி வர்றீங்க."

"அப்படியா சார்?"

"ஆமா. அவங்கள்ல யார் கூடயாவது ரெண்டு நாள் இருந்து பாருங்க. சரி, எழுந்து வந்து இந்த நோட்டுல பேரை எழுதிட்டுப் போங்க."

"நோட்டை இங்கே கொடுங்க சார். நான் கடைசியா எழுந்து நடந்தப்ப எனக்கு அஞ்சு வயசு."

இயக்குநர் சட்டென்று எழுந்தார். நோட்டைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு நாடகப் பிரதியைப் பிரித்து, நாயகி அழும் மூன்று பக்கங்களையும் கிழித்தார்.

"இந்த இடத்துல என்ன வரணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."