கறுத்த எண்

பதினோரு வருடங்களாகச் செண்பகவல்லியின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் மெல்லிய எழுத்தில்தான் வந்தன. அளவு மீறிய எண்ணை மட்டுமே அந்த லேபில் தடித்த கறுப்பில் அச்சடிப்பார்கள். மாதம் மூன்று நாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பவளுக்கு ஒரு தடித்த எண்கூட வந்ததில்லை. "எல்லாருக்கும் வாரதுதானே? உனக்கு மட்டும் என்ன அதிசயமா?" என்பாள் கணவனின் அக்கா இசக்கியம்மாள்.

புதிதாக வந்த டாக்டரம்மா வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இம்முறை தாளின் நடுவே ஓர் எண் கன்னங்கரேலென்று நின்றது. தாளை நீட்டிய லேப் பெண், "பயப்படாதீங்கக்கா" என்றாள். செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இந்த எண்ணை மட்டும் வச்சுச் சொல்லலம்மா. ஸ்கேன்லயும் தெளிவாத் தெரியுது, எண்டோமெட்ரியோசிஸ்தான். கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு வெளியிலயும் வளர்ற நோய். நீங்க சொன்ன வலி அத்தனையும் நிஜம்" என்றார் டாக்டரம்மா.

மருந்து வாங்குவதற்கு முன்பே அவள் அந்தத் தாளை லேமினேட் செய்யக் கொடுத்தாள். பிறகு கால் கிலோ அல்வா வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் கூடத்துக் காலண்டரைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் தாளை மாட்டினாள்.

இசக்கியம்மாள் அல்வாவைத் தொடவில்லை. தாளின் முன் வெகுநேரம் நின்றாள். அந்தக் கறுத்த எண்ணை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"ஏட்டி, ரத்தம் எந்தக் கையில எடுப்பாவ?"