சின்னக் குஞ்சு

கழுகுக்கூட்டில் கேமரா வைத்து நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய குஞ்சு இன்றைக்கும் சின்னதன் மண்டையிலேயே கொத்தியது. தாய்க்கழுகோ பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் வைத்திலிங்கத்துக்கு ரத்தம் கொதித்தது. ‘யாராவது மரமேறிப் பிரித்துவிடுங்களேன்!’ என்று மறுபடியும் தட்டி அனுப்பினார். ‘இயற்கையில் நாங்கள் தலையிடுவதில்லை’ என்று மறுபடியும் அதே பதில்தான் வந்தது.

“கல்நெஞ்சுக்காரப் பயலுக! கண்ணால பாத்துக்கிட்டே இருக்கானுங்க!” மேசையை ஓங்கிக் குத்தினார்.

ஜன்னலோரம் நின்றிருந்த மனைவி கோமளா திரும்பினாள். “பக்கத்து வீட்டுக்காரரு அவரு பிள்ளைய இன்னிக்கும் போட்டு அடிக்கிறாருங்க. கதறுது. ஒரு எட்டு போய்க் கேளுங்களேன்.”

“அவங்க குடும்ப விவகாரம், நமக்கெதுக்கு? முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. குஞ்சு கத்துறதே கேக்க மாட்டேங்குது.”