ஐம்பத்தொரு ரூபாய்ப் பிள்ளை

ஐம்பத்தொரு ரூபாய்க்கு ஏலம் போனவன் அவன்.

அந்தோணியார் கோயில் படியில். பிறந்த நாற்பதாம் நாள்.

இன்று அதே கோயிலில், தலை பாதி நரைத்து, ஏலத்தில் தன்னைக் கோட்டைவிட்ட மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பெற்ற தகப்பன். கூப்பிடுவதென்னவோ மாமா என்றுதான்.

தவக்காலத்து ஞாயிறு. முதல் வாசகம். ஆபிரகாம் விறகுக்கட்டைத் தூக்கி, கடவுள் பலியாகக் கேட்ட மகன் ஈசாக்கின் தோளில் வைக்கிறார்.

நேர்ந்துகொண்ட பிள்ளையைப் படியில் கிடத்துவார்கள். கோயில் உபதேசியார் ஏலம் கூறுவார். பெற்றவர்கள் பதினொன்று என்பார்கள். கூட்டம் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கும். பிள்ளையை மீட்டுக்கொண்டு போய்ப் பொங்கிச் சாப்பிடுவார்கள். நேர்ச்சை தீர்ந்தது.

யாரும் மேலே கேட்பதில்லை.

அன்று மாமாவின் அக்கா கேட்டாள். மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள்.

ஐம்பத்தொன்று.

உபதேசியார் ஒருதரம் என்றார். இரண்டாம் தரத்தை இழுத்து இழுத்துச் சொன்னார். மூன்றாம் தரத்துக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடித்துப் பார்த்தாராம்.

மாமா வாயைத் திறக்கவில்லை.

அக்கா அவனுக்கு அம்மா ஆனாள். பெற்றவள் அத்தை ஆனாள்.

அந்த வருடம் கருப்பட்டி விலை விழுந்துவிட்டது, மாமாவின் மடியில் நாற்பது ரூபாய்தான் இருந்தது என்று சொல்லித்தான் அவனை வளர்த்தார்கள். அவனும் மன்னித்துவிட்டான். காசில்லாதவன் மேல் என்ன கோபம்?

மாமா சந்தைக்குள் நுழைந்தால் கத்தரிக்காய்க்காரி கூடையைச் சாக்குப் போட்டு மூடுவாள். அப்படிப் பேரம் பேசும் வாய். ஆனால் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிப்போகும்போது மட்டும் எதற்கும் விலை கேட்க மாட்டார். கடைக்காரன் சொன்னது விலை. சவ்வுமிட்டாய்க்காரன் அவன் மணிக்கட்டில் ரோஸ் நிறக் கடிகாரம் ஒன்று கட்டிவிடுவான். மாமா குனிந்து, மணி என்ன என்று கேட்பார். நாலு என்பான். சரியான கடிகாரம் என்று மெச்சுவார். கோயிலைச் சுற்றி முடிப்பதற்குள் அவன் மணியைத் தின்றிருப்பான்.

அத்தை ஒரு திருவிழாவுக்கும் வந்ததில்லை.

வாசகத்தில் இப்போது மகனைக் கட்டிக் கிடத்தியாகிவிட்டது. கத்தியை எடுக்கிறார்.

மாமா அவன் பக்கம் சாய்ந்தார். மூக்குப்பொடி வாசம்.

"சோதோம் ஊர அழிக்காம விடச் சொல்லி, அம்பது நல்லவங்க இருந்தான்னு ஆரம்பிச்சு, பத்து வரைக்கும் கடவுள்கிட்ட கொறச்சுப் பேசுன மனுசன். சொந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த பேசல பாத்தியா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எல்லா யாவாரிக்கும் ஒருநாள் வாய் அடைத்துப்போகும் மாமா என்று மெதுவாகச் சொன்னான்.

அவர் சிரிக்கவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட அன்னைக்கு நூத்தியெம்பது ரூவா இருந்துச்சுடே."

வாசகம் முடிந்தது. இறைவா உமக்கு நன்றி என்றது கோயில்.

ஐம்பத்திரண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு ரூபாய் கூடுதல்.

சாமியார் பிரசங்கம் தொடங்கினார். அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். அம்மாவுக்கு ஒரு பிள்ளை வரவு. மாமாவுக்கு ஒரு பிள்ளை செலவு. தம்பி கொடுத்தது, அக்கா வாங்கியது. நேராகிவிட்டது.

அத்தையின் பெயருக்கு வந்தான்.

அவளை ஒரு வார்த்தை கேட்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அது பாக்கி நிற்கிறது.