சின்னக் குண்டு

“நீ வரலாம், இருக்கலாம், சாப்பிடலாம். வாக்குப் போட மட்டும் ஏலாது,” என்றாள் ஜெசிதா.

“ஏன் அக்கா?” என்று கேட்டாள் லவீனா.

“நீ சின்னக் குண்டு. கடையிலை தொங்குற உடுப்பை அப்பிடியே எடுத்துப் போடுற ஆள். எங்கடை கஷ்டம் உனக்கு என்னெண்டு விளங்கும்?”

யாழ்ப்பாணத்தில் பருத்த பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. பெயர் ‘அகலம்’. உடம்பைக் குறை என்று அங்கே யாரும் உபதேசம் செய்யக்கூடாது. குண்டு என்று ஊர் சொல்வதற்கு முன் தாங்களே சொல்லிச் சிரித்துவிடுவார்கள். நல்ல சங்கம்தான்.

ஆனால் வெளிநாட்டில் இப்படியான சங்கங்களில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் உண்டு என்று செயலாளர் சுஹறா இணையத்தில் எங்கோ வாசித்துவிட்டாள். பிடித்தது சனி. சின்னக் குண்டு, நடுக் குண்டு, பெருங்குண்டு என்று வகுப்புப் பிரித்தார்கள். பெருங்குண்டு தலைவி ஜெசிதா மட்டும்தான். சின்னக் குண்டு புதிதாக வந்த லவீனா மட்டும்தான். மற்ற எல்லோரும் நடுக் குண்டு. அதுதான் வசதி.

ஜெசிதா கொண்டுவந்த ஒரு சட்டத்தை மட்டும் எல்லோரும் மெச்சுவார்கள். அகலம் எங்கே போனாலும் எல்லோரும் போக வேண்டும். ஒருத்தியால் முடியாவிட்டால் ஒருத்தரும் போவதில்லை.

அந்த ஞாயிறு குருநகரில் ஒரு வள்ளம் பேசியிருந்தார்கள். பரவைக்கடலில் ஒரு சுற்று, பிறகு கரையில் சுஹறாவின் பிரியாணி.

வள்ளக்காரர் லியோன் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தார்.

“பூட்டாமல் ஒருத்தரையும் ஏத்தமாட்டன். பிறகு என்னோடை கோவிக்கக் கூடாது.”

ஒருத்திக்கு ஒருத்தி இழுத்துப் பூட்டிவிட்டு, அதைப் பார்த்துத் தாங்களே சிரித்து, வரிசையாக நின்று படமும் எடுத்தார்கள். ஜெசிதா சற்றுத் தள்ளி நின்றாள்.

“முதல் நீங்கள் ஏறுங்கோ. நான் கடைசியா வாறன்.”

தலைவி என்றால் அப்படித்தான்.

முதல் ஆளாக லவீனா காலை வைத்தாள். வைத்தவள் அப்படியே தள்ளாடி லியோனின் தோளில் சரிந்தாள்.

“தலை சுத்துது. சத்தி வாற மாதிரிக் கிடக்கு. என்னாலை ஏலாது.”

நடுக் குண்டு றுக்ஷானாவுக்குப் பொல்லாத கோபம்.

“இவளாலை எல்லாரும் மறிபடுறதோ? சட்டம் எங்களுக்குத்தானே. இவளுக்கு வாக்கே இல்லை. இவள் கரையிலை இருக்கட்டும், நாங்கள் போவம்.”

இரண்டு மூன்று பேர் ஓம் என்றார்கள். லவீனா தலையைக் குனிந்துகொண்டு கரையில் குந்தினாள்.

ஜெசிதா முன்னுக்கு வந்தாள்.

“சட்டம் எண்டால் சட்டம். லவீனாவும் எங்கடை ஆள்தான். இண்டையிலை இருந்து அவளுக்கும் வாக்கு இருக்கு. அவள் வராட்டி ஒருத்தரும் போகேல்லை.”

என்ன பெரிய மனசு என்று சுஹறா உருகினாள். றுக்ஷானாகூடக் கைதட்டினாள். ஜெசிதா தன் அங்கியை மடித்து முதல் ஆளாக லியோனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

வள்ளம் போகாவிட்டால் என்ன, கடல் அங்கேதானே கிடந்தது. முழங்காலளவு தண்ணீரில் உடுப்போடு இறங்கினார்கள். யாரோ பாட்டைத் தொடங்க, தண்ணீருக்குள்ளேயே ஆட்டம். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் மண்ணெண்ணெய்த் தகரத்தில் தாளம் போட்டார்கள். லவீனாவின் தலைச்சுற்று எப்போது போனது என்று ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ஜெசிதா லியோனுக்கு ஒரு கோப்பை பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“லவீனாதான் பாவம். அவளுக்குக் கடல் ஒத்துவராது போலை.”

லியோன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார்.

“ஆருக்கு, லவீனாவுக்கோ? எங்கடை தெருப் பிள்ளை அக்கா அவள். தகப்பன்ரை வள்ளத்திலை வளந்தவள். கட்டி நிக்கிற வள்ளத்திலை அவளுக்குத் தலை சுத்துமோ?”

“அப்ப ஏன்…”

“உங்கடை லைஃப் ஜாக்கெற் பூட்ட எட்டேல்லை எண்டு கண்டிட்டாள். நீங்கள் ஒளிச்சு ஒளிச்சு இழுத்ததை நான்கூடக் காணேல்லை. தோளிலை சரியேக்கை காதுக்குள்ளை சொல்லுறாள், ‘லியோன் அண்ணை, எனக்கு ஒண்டுமில்லை. ஜெசிதாக்காவுக்குத்தான் ஜாக்கெற் பூட்டேல்லை. பிடிச்சுக்கொண்டு பேசாமல் நில்லுங்கோ’ எண்டு.”

இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

“நானும் பேசாமல்தான் இருந்திருப்பன். உந்தப் பிரியாணி கதைக்க வைச்சிட்டுது.”

ஜெசிதாவுக்கு முகம் சுட்டது. தான் லவீனாவுக்கு வாக்குரிமை கொடுத்தது பெரிய மனசால் அல்ல, பூட்டாத அங்கியால் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தாள். லவீனாவுக்கும் தெரிந்திருக்கிறது.

தண்ணீருக்குள் லவீனா றுக்ஷானாவைத் துரத்தித் துரத்தி நனைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ஜெசிதாவுக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

சுஹறா கைத்தொலைபேசியோடு வந்தாள்.

“ஜெசிதாக்கா, புது ஆளை எங்கடை வைபர் குழுவிலை சேர்க்கப்போறன். பேருக்குப் பக்கத்திலை என்னெண்டு போட? சின்னக் குண்டு எண்டோ, நடுக் குண்டு எண்டோ?”

ஜெசிதா பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் இறங்கினாள்.

“லவீனா எண்டு போடு,” என்றாள். “அப்பிடியே எங்கள் எல்லாருக்கும் பேரை மட்டும் விட்டிட்டு, மிச்சத்தை அழிச்சுவிடு.”