கேட்காத பாடம்

உடல் வளர்ச்சி பற்றிய அந்தப் பாட வேளையில் யாரும் வகுப்பைவிட்டு எழுந்து போவதில்லை. எல்லார் காதிலும் பொருத்தியிருக்கும் செவிப்பொறி, பெண்களின் பாடத்தைப் பையன்களுக்கும் பையன்களின் பாடத்தைப் பெண்களுக்கும் கேட்காமல் செய்துவிடும். படிப்பு முடிந்த பிறகும், வீட்டிலும், அந்தப் பேச்சு மறுபக்கத்தாருக்குக் கேட்பதில்லை. தனசீலனும் அப்படிப் படித்தவர்தான்.

பள்ளியிலிருந்து வந்த மகள் தாரணி பையைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள்.

“அப்பா, எனக்கு…”

அதன்பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன.

“வயிறு வலிக்குதாம்மா?”

தலையாட்டினாள். மறுபடி ஏதோ சொன்னாள். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

“பானிபூரி தின்னியா? தின்னிருப்ப. இரு, ஓமத் தண்ணி வச்சுத் தரேன்.”

“விளையாடாதீங்கப்பா, பயமா இருக்கு” என்று அழுதாள். அது தெளிவாகக் கேட்டது.

தம்ளரை நீட்டியவர் அப்படியே நின்றார். இவள் அம்மாவும் கடைசி மாதங்களில் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓசையில்லாமல் வாயசைத்தாள். அன்றைக்கும் அவர் ஓமத் தண்ணீர்தான் கொடுத்தார்.

தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய் எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் கதவைத் தட்டினார்.

“என்னாச்சுண்ணே?”

“தெரியலம்மா. நீ கேட்டுச் சொல்லு…” என்றவர் நிறுத்தினார். “இல்ல, நீ கேளு. போதும்.”