உச்சிக் கிளை

ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டே வந்தது. கரையோர மருதமரத்தில் தண்ணீருக்கு மேலே மிஞ்சியவை மூன்றே கிளைகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. காக்கைதான் முதலில் வந்து உச்சிக் கிளையில் உட்கார்ந்துகொண்டது. பிறகு கீரி வந்தது. அதன் பின்னாலேயே பாம்பும் வந்தது.

“எங்களை அடுத்தடுத்த கிளையில மட்டும் வைக்காதீங்க, காக்கா அண்ணே. அடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் தண்ணியில விழுவோம்,” என்றது கீரி.

யாராவது யோசனை கேட்டுவிட்டால் காக்கைக்குத் தலைகால் புரியாது. “நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லி, பாம்பை நடுக்கிளையிலும் கீரியைக் கீழ்க்கிளையிலும் வைத்துப் பார்த்தது. ஒரே சீறல். கீரியை நடுவிலும் பாம்பைக் கீழேயும் மாற்றிப் பார்த்தது. அப்போதும் சீறல்தான்.

“எல்லா வழியும் பார்த்தாச்சு. யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும்,” என்று தீர்ப்புச் சொன்னது.

“அண்ணன் பார்த்தா சரியாத்தான் இருக்கும்,” என்ற கீரி, மிதந்து வந்த ஒரு கட்டையின் மேல் தாவியது.

கட்டை எங்கே போகிறது என்று பார்க்கக் காக்கை நடுக்கிளைக்கு இறங்கியது. கீழே பாம்பு சீறாமல் சுருண்டு கிடந்தது. மேலே உச்சிக் கிளை காலியாக இருந்தது.

தான் நடுவில் உட்கார்ந்து பார்க்கவே இல்லை என்பது காக்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

“இன்னும் ரொம்ப தூரம் போகலை. கூப்பிடுங்க அண்ணே,” என்றது பாம்பு.

கூப்பிட்டால், எந்தக் கிளை காலி என்று சொல்ல வேண்டியிருக்கும். காக்கை வாயைத் திறந்தது. கத்தியே ஊரைக் கூட்டுகிற அதற்கு, அன்று குரல் எழும்பவில்லை.